பாதியில் நிற்கும் மவுத் ஆர்கன்

கார்ட்டூன் தொடரில் படத்தைவிடப் பின்னணி இசைதான் முக்கியம் என்பது என் கட்சி. இதை மறுத்துப் பேசுகிறவர்களோடு சண்டைக்கே போயிருக்கிறேன். என் மகன் ஜப்பான் தொடர்களாகப் பார்த்துத் தள்ளுகிறவன். "அம்மா, அந்தக் கண்ணைப் பாரு, முடி பறக்கிறதைப் பாரு" என்பான். நான் சமையலறையிலிருந்தே, "முதல்ல அந்த கிடாரை நிறுத்தச் சொல்லு, ஆளு சாகக் கிடக்கறப்ப எவனாவது கிடார் அடிப்பானா?" என்று கத்துவேன். பார்க்காமலேயே எப்படிம்மா சொல்றே என்று கேட்பான். பார்க்காமல் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

உண்மையில் இந்தக் கருத்து என்னுடையது இல்லை. ஒருத்தியிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவளிடம் கேட்கவும் இல்லை.

எண்பதுகளின் கடைசி அது. பெருநகர் என்கிற கிராமத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் எங்கள் ஊர். நானும் அவளும் உத்திரமேரூரில் ஒன்பதாம் வகுப்பு படித்தோம். நான் ஊரில் நிலம் வைத்திருந்த குடும்பம். அவள் காலனி. அவளுடைய அம்மா எங்கள் கழனியிலேயே நடவுக்கு வந்திருக்கிறார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என்னை "இன்னாடி" என்பாள், தொடையில் கிள்ளுவாள், என் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொள்வாள். சாயங்காலம் ஊரில் இறங்கினதும் நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இது இப்படித்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

ஊருக்கு ஒரே டிவி, பஞ்சாயத்து ரேடியோ ரூமில் இருந்தது. மரக்கதவு போட்ட பெட்டி, அதற்கு ஒரு பூட்டு. சாவி, தண்ணீர் டேங்குக்கு மோட்டார் போடுகிறவரிடம் இருக்கும். எங்களுக்குத் தூரத்து உறவு, மாமா முறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்ட்டூன் தொடருக்காக அவர் பெட்டியைத் திறந்தால் முன்னால் இருக்கும் சிமெண்ட் தரையில் ஊர்ப் பிள்ளைகள் உட்காருவோம். காலனி ஆம்பிளைகள் மதில் சுவருக்கு வெளியே ரோட்டில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். வயசுக்கு வந்த பெண் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியுமா? அவள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற சாக்கில் ரூமுக்குப் பின்னால் வந்து, டேங்க் திட்டின்மேல் உட்கார்ந்துகொள்வாள். அவள் தலைக்கு நேர் மேலே ரூமின் பின் ஜன்னல். படம் ஒரு துளி தெரியாது. சத்தம் மட்டும் எங்களைவிட நன்றாகக் கேட்கும்.

அப்படித்தான் நான் பார்க்கிறவள், அவள் கேட்கிறவள் என்று ஆனோம். தொடரோ இந்தியில். எங்கள் இரண்டு பேருக்கும் இந்தி ஒரு எழுத்து தெரியாது. திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினால் அதைத்தான் பேசுவோம். முதலில் அவள் சொல்ல வேண்டும், நான் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும்.

"கதவு தொறந்துச்சு. வெளிய காத்து. அந்தப் பொண்ணு ஓடல, மெதுவா நடந்துச்சு. யாரையோ பாத்துட்டு நின்னுட்ச்சு. கரெக்டா?"

"யாரைப் பாத்துச்சு, சொல்லேன்?"

"கிழவியை. கிழவி வந்தா தந்தி வாத்தியம் தான வரும்."

பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். எனக்கு ஆத்திரமாக வரும். கண்ணால் பார்த்த எனக்கே அந்தப் பெண் ஓடினாளா நடந்தாளா என்று ஞாபகம் இருக்காது.

அவள் எதையும் லேசில் நல்லது என்று சொல்லிவிட மாட்டாள். முதலில் ஒரு தொடர் வந்தது. இரும்பு மனிதர்கள் ஆகாயத்தில் சண்டை போடுவது. ஊர்ப் பையன்கள் எல்லாம் அதற்குப் பைத்தியம். அவள் அதைக் காறித் துப்பாத குறைதான். "சண்டை வரதுக்கு முன்னாடியே டமடமன்னு அடிச்சா யாருக்குடி பயம் வரும்? சத்தம் நிக்கணும். நின்னா தான் பயம்" என்றாள். அடுத்து காட்டு மிருகங்கள் பேசுகிற ஒரு தொடர். எனக்கு அந்தக் கரடிக்குட்டி ரொம்பப் பிடிக்கும். அவள், "கரடிக்கும் அதே பீப்பீ, நரிக்கும் அதே பீப்பீ. எது வருதுன்னு நான் எப்டி கண்டுபிடிக்கறது? சோம்பேறிப் பசங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அதை வாசித்தவர்கள் அவளுக்காகத்தான் வாசித்தார்கள் என்பது மாதிரி பேசுவாள். இப்போது யோசித்தால் அவள் பேசினதில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த இசையை முழுசாகக் கேட்டது அவள் ஒருத்திதான்.

மூன்றாவதாக வந்ததுதான் கலங்கரை விளக்கத் தொடர். மகாபலிபுரத்தில் இருப்பது போல ஒரு உயரமான விளக்கு. அதன் அடியில் ஒரு வீடு, ஒரு கிழவி, ஒரு சின்னப் பெண். அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. ஜப்பான்காரன் வரைந்தது என்று மோட்டார் மாமா சொன்னார். முடிவில் ஓடும் எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரி இருக்கும். இந்தத் தொடரை மட்டும் அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வாத்தியம். காணாமல் போன அப்பாவுக்கு மவுத் ஆர்கன்.

அந்த மவுத் ஆர்கன் வாரம் ஒரு முறையாவது வரும். பெண் கடலைப் பார்த்து நிற்கும்போது தூரத்தில் ஆரம்பிக்கும். ஏறிக்கொண்டே போய், சட்டென்று நின்றுவிடும். படியில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு மறந்து போய் நின்ற மாதிரி இருக்கும். எந்த வாரமும் அதற்குமேல் வாசித்ததில்லை.

"அப்பன் செத்துட்டான்டி" என்றேன் நான். "தொப்பி கரையில ஒதுங்கிக் கெடந்துச்சு. நான் பாத்தேன். கிழவி அதை எடுத்து ஒளிச்சு வச்சுட்டா."

"சாவல."

"நான் கண்ணால பாத்தேன்றேன்."

"நீ தொப்பியைத் தான பாத்த? ஆளைப் பாத்தியா?" என்று என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "செத்தவனுக்குன்னா முழுசா வாசிச்சு முடிச்சுடுவாங்க. முடிக்காம வச்சிக்கினு கீறாங்கன்னா ஆளு கீறான். அவன் வரச்சொல்ல முழுசா வாசிப்பான் பாரு."

எனக்குக் கோபம் வந்தது. பார்க்கிறவள் நான், தீர்ப்பு சொல்கிறவள் அவளா? அன்று உத்திரமேரூர் வரைக்கும் பேசாமல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனேன். என் கோபம் அந்த வயசில் அப்படித்தான், உப்புக்குப் பெறாத காரியத்துக்கெல்லாம் வரும்.

எனக்குப் புத்தி வர இரண்டு வாரம் ஆனது. அவளுடைய அப்பா மெட்ராஸில் மூட்டை தூக்கப் போயிருந்தார். மாதம் ஒருமுறை வருவார். வரும்போது ஏரிக்கரையிலேயே சீட்டி அடிக்க ஆரம்பித்துவிடுவாராம். சீட்டிச் சத்தம் கேட்டதும் இவள் அடுப்பில் உலை வைப்பாளாம். இப்போது எட்டு மாதமாக ஆளும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. கூடப் போனவரைக் கேட்டால், "அவன் வேற பக்கம் வேலைக்குப் போய்ட்டான், எங்க கீறான்னு தெரியாது" என்றாராம். இதையெல்லாம் அவள் ஒரு நாள் பஸ்ஸில் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அந்த மவுத் ஆர்கன் ராகத்தை மெதுவாக முனகினாள், பாதிவரைக்கும்.

அதற்கப்புறம் தொப்பியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்காக அந்த அப்பன் வந்து சேர வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு கார்ட்டூன் அப்பனுக்காகப் பெருநகர் கோயிலில் சாமி கும்பிட்டது நானாகத்தான் இருப்பேன்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒரு பெரியவர் செத்துப் போனார். ஊரில் சாவு என்றால் பிணத்தை எடுக்கிற வரைக்கும் ரேடியோ ரூமைத் திறக்க மாட்டார்கள். டிவியும் கிடையாது, கொழா ஸ்பீக்கரில் போடுகிற ரேடியோவும் கிடையாது. அந்த வாரத் தொடர் போச்சு. மறுநாள் பஸ்ஸில் நான் பொருமித் தள்ளினேன்.

"ஒரு நாள் தள்ளி சாவக் கூடாதா அந்த மனுசன்? தொண்ணூறு வருசம் இருந்தாரே, இன்னும் ஒரு நாள் இருந்தா இன்னா கொறைஞ்சுடும்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு, "எங்க பக்கம் செத்தா பேஜாரே இல்ல. உங்க டிவி பாட்டுக்குப் பாடிக்கினே கீது" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன்.

அப்புறம் மோட்டார் மாமா ஒரு நாள் சொன்னார், "அடுத்த வாரத்தோட முடியுதாம், பேப்பர்ல போட்டுக்கீது" என்று. அந்த வாரம் முழுக்க எங்களுக்குப் படிப்பு ஓடவில்லை. சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம். திரும்பி வரும்போது பஸ்ஸில் இறங்குவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு முழுசா வாசிப்பான் பாரு" என்றாள். "வாசிக்கலைன்னா?" என்று கேட்டேன். "வாசிப்பான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழிக்கும்போதே காலனிப் பக்கம் சாவு மேளம் கேட்டது. அம்மா அடுப்படியில் நாஷ்டாவுக்கு மாவைக் கரைத்துக்கொண்டே, "காலனியில யாரோ பூட்டாங்க போல கீது" என்றார். அவ்வளவுதான். அங்கே ரொம்ப நாளாகப் படுத்த படுக்கையாக ஒரு கிழவர் இருந்தார், அவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் கவலை வேறாக இருந்தது. தெருவில் பிணம் கிடக்கும்போது அவளை வெளியே விட மாட்டார்கள். டேங்க் திட்டுக்கு அவள் எப்படி வருவாள்? போய்ப் பார்த்தேன். திட்டு காலியாகத்தான் இருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருபது வாரத்துக்கு மேல் கேட்டவள், கடைசி வாரம் கேட்காமல் போவதா? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ரூம் மொட்டை மாடியில் பழைய கொழா ஸ்பீக்கர் இருந்தது. வரி கட்டச் சொல்லி அறிவிப்பு செய்கிற மைக் உள்ளேயே இருந்தது. மைக்கை டிவிக்கு முன்னால் வைத்து, கொழாயைக் காலனிப் பக்கம் திருப்பிவிட்டால் அவள் வீட்டுக்குள் இருந்தபடியே கேட்கலாம்.

மாமாவிடம் ஓடினேன். "கொழாயில போடு மாமா. காலனிப் பக்கமா திருப்பி வை" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

காலனியில் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள், அவளுக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் எங்கள் வீட்டுக்குப் போகும். சட்டென்று, "மேளச் சத்தத்துல ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது மாமா" என்றேன்.

"அது சரிதான்" என்றார் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர். "காலையில இருந்து ஒரே இம்சை. போடுய்யா, அவங்க சத்தம் அடங்கட்டும்." மாமா ஏறிப் போய்க் கொழாயைத் திருப்பிக் கட்டிவிட்டு வந்தார். நான் சொன்ன பொய் எவ்வளவு சுலபமாக எல்லாருக்கும் பிடித்துப் போனது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. காரியம் முடிந்தது என்று சந்தோஷமாகத் தரையில் போய் உட்கார்ந்தேன்.

தொடர் ஆரம்பித்தது. அப்படி ஒரு சத்தம். வாசிப்பதெல்லாம் ஊருக்கு மேலே போய்க் காலனிப் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. படத்தில் கடல் முழுக்கப் பனிமூட்டம். விளக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெண் கரையில் நிற்கிறாள். அப்போது எல்லா வாத்தியமும் நின்றுவிட்டது. சத்தம் நின்றால்தான் பயம் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அந்த நிசப்தத்தில் காலனியிலிருந்து மேளம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

பிறகு மவுத் ஆர்கன் வந்தது. ஏறியது. எப்போதும் நிற்கிற இடத்துக்கு வந்தது. அன்று அது நிற்கவில்லை. அந்தப் படியைத் தாண்டி மேலே ஏறி, அங்கிருந்து மெதுவாக இறங்கி, முடிந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. அதில் அந்த அப்பன் உட்கார்ந்திருந்தான், தொப்பி இல்லாமல்.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் கேலி செய்தார்கள். கவலையே இல்லை எனக்கு. அவள் கேட்டிருப்பாள், முழுசாகக் கேட்டிருப்பாள், இந்நேரம் வீட்டில் குதித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முகம் கழுவத் தெருக் குழாய்க்குப் போனேன். அங்கே இரண்டு பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மெட்ராஸ்ல மூட்டை தூக்கிக்கினு இருந்தான் பாரு, அவன் தானாம். ஆஸ்பத்திரியில கெடந்து செத்தானாம். விடிகாத்தால வேன்ல எடுத்தாந்து போட்டுட்டுப் போய்ட்டாங்களாம்."

"அய்யோ பாவம். ஒரு பொண்ணு படிச்சிக்கினு கீது இல்ல?"

குழாயைக்கூட மூடாமல் ரூமுக்கு ஓடினேன். டிவியில் ஏதோ ஒரு ஆட்டம் பாட்டம் ஓடிக்கொண்டிருந்தது, கொழாயிலும் அதுதான். மைக் ஒயரைப் பிடித்து இழுத்தேன். பிய்ந்துகொண்டு வந்தது. "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" என்று மாமா கையை ஓங்கினார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொடர் முடிந்த பிறகு ஒயரைப் பிடுங்குவது ரொம்பச் சுலபம்.

டிவி அன்று நிற்கவில்லை. மத்தியானம் பிணத்தை எடுக்கும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. காலனிக்குள் நான் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றியது, அம்மாவிடம் கேட்கத் தைரியம் இல்லை.

அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள், யூனிஃபார்ம் இல்லாமல் பாவாடை தாவணியில். எப்போதும் போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆனால் கிள்ளவில்லை.

"டி.சி. வாங்கப் போறேன்" என்றாள். "அம்மாகூட வேலைக்குப் போவணும்."

சொல்வதற்கு ஒரு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"கேட்டுச்சு" என்றாள்.

"இன்னாது?"

"முழுசா வாசிச்சான். எங்க நைனாவைக் குளிப்பாட்டிக்கினு இருந்தாங்க, அப்பதான் வந்துச்சு." கொஞ்ச நேரம் முன் சீட்டுக் கம்பியையே பார்த்தாள். "எங்க அம்மா மண்ணை வாரி உங்க ஊரு பக்கம் தூத்துச்சு. சாவு வூட்ல மேளத்தைக் கேக்க முடியாம பாட்டு போடறானுங்களே, இவனுங்க நல்லா இருப்பானுங்களான்னு. எல்லாரும் திட்டினாங்க. நான் திட்டல. கேட்டுக்கினு இருந்தேன்."

"அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"கொழாயில போடச் சொன்னது நீ தான?"

"உனக்குக் கேக்கட்டும்னு தான்டி. சத்தியமா. உங்க நைனான்னு எனக்குத் தெரியாது."

"தெரியும். எனக்குக் கேக்கணும்னு உன்னை உட்டா அந்த ஊர்ல யாருக்குத் தோணும்?" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "படத்துல அவங்க அப்பன் வந்துட்டானா?"

"வந்துட்டான்."

"உசிரோட?"

தலையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள். "நான் அப்பவே சொன்னேன் இல்ல" என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. உத்திரமேரூர் வரப்போகிற சமயத்தில், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"எங்க நைனான்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, டிவிய நிறுத்தச் சொல்லி இருப்பியா?"

நான் சொன்னாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. நான் சொல்லியிருப்பேனா என்றுதான் கேட்டாள். தெரிந்திருந்தால் அழுதிருப்பேன். கொழாயில் போடச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் கடைசி வாரம் அது. அழுதுகொண்டே அந்தத் தரையில் உட்கார்ந்து பார்த்துத்தான் இருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஊரில் யாராவது செத்திருந்தால் ரூம் பூட்டியிருக்கும், நானும் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருப்பேன். அதுவும் தெரிந்தது.

பஸ்ஸில் நாங்கள் ஒருவருக்கொருவர் பொய் சொன்னதில்லை. ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பஸ் உத்திரமேரூரில் நின்றது. அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"சரி, உடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.